இறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்: மலைச்சாலையில் பைக்

தேனி, தென்காசி, உடுமலைப் பக்கத்திலிருந்தும் இடுக்கி, பாலக்காடு தமிழ் வாசகர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிரேக்கைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரு மெக்கானிக்கும் ஓர் ஓட்டுநர் பயிற்சியாளரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கே: 110 சிசி ஸ்கூட்டரில் மனைவியோடு போடிமெட்டிலிருந்து முந்தலுக்கு இறங்கினேன். பாதி வழியில் கருகல் வாடை. கொஞ்ச நேரத்தில் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டும் வண்டி நிற்கவில்லை. மலைப்பக்கச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஷூ நல்லாத்தாண்ணே இருக்கு" என்கிறார். பிறகு ஏன் பிடிக்கவில்லை? (சின்னமனூர் வாசகர்)

ப: மெக்கானிக் சொன்னது சரிதான். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்பக்கம் அழுந்தி வண்டியை நிறுத்தும் ஷூ தேய்ந்து போகவில்லை, வெந்துபோயிருக்கிறது. போடிமெட்டுக்கும் முந்தலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். 17 கொண்டை ஊசி வளைவுகளும் அந்தப் பாதையில்தான் வருகின்றன. ஸ்கூட்டர், நீங்கள் இருவர், பை எல்லாம் சேர்த்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கு காற்றிலும் என்ஜினிலும் கழிந்துவிடும். மிச்சம் முழுவதும் 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு டிரம்களுக்குள் சூடாக இறங்குகிறது.

சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லீவர் கைப்பிடி வரை வந்தது அதனால்தான். அதே நேரம் ஷூவின் லைனிங்கில் இருக்கும் பிசின் வெந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் மழமழவென்று ஆகிவிடும். உங்களுக்கு அடித்த வாடை அதுதான். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். ஆறியதும் டிரம் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடுவதால், ஒர்க்‌ஷாப்பில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது.

ஸ்கூட்டரில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஓட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு, வேகம் 15 கிலோமீட்டர் அளவுக்குக் கீழே வந்ததும் பின்பக்க கிளட்ச் தானாக விலகிவிடும். அதற்குப் பிறகு வண்டி நியூட்ரலில் உருளுவதும் அப்படி உருளுவதும் ஒன்றுதான். சரிவில் வேகம் தானாகக் கூடினாலும் கிளட்ச் மறுபடி பிடிக்காது. ஆக்சிலரேட்டரை ஒரு நொடி லேசாகத் திறந்து மூட வேண்டும். என்ஜின் சத்தம் மாறி, வண்டி பின்னுக்கு இழுப்பது உடம்பில் தெரியும். மெதுவாகப் போனால் பத்திரம் என்று 10, 12 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவர்கள் என்ஜினின் உதவி துளியும் இல்லாமல் முழுச் சுமையையும் ஷூவின் தலையில் கட்டுகிறார்கள்.

அடுத்த முறை இப்படி இறங்குங்கள். நேர்ச்சாலையில் 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம், கிளட்ச் பிடித்த நிலையில். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்து வேகத்தை 15, 20-க்குக் கொண்டுவந்துவிட்டு, லீவரை முழுக்க விட்டுவிடுங்கள். விரல் லீவர் மேலேயே லேசாக அழுத்திக்கொண்டு கிடக்கக் கூடாது. விட்டு விட்டுப் பிடிக்கும்போது டிரம்முக்கு ஆற இடைவெளி கிடைக்கும். காம்பி பிரேக் உள்ள வண்டியில் இடது லீவரே முன்சக்கரத்தையும் ஓரளவு பிடிக்கும். இருந்தாலும் வலது லீவரையும் சேர்த்தே பிடியுங்கள்.

லீவர் வழக்கத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக உள்ளே போகிறது என்று தோன்றினாலே அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி 15, 20 நிமிடம் நில்லுங்கள். வாடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சூட்டோடு டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பு விரிசல் விடும் அல்லது கோணும். இப்போது உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டியது: ஷூவைக் கழற்றி, மழமழப்பான மேற்பரப்பை முரட்டு எமரித் தாளால் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கறுத்துக் கெட்டியாகி, ஓரம் உதிர ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடைசியில் லீவர் இளக்கத்தை 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

கே: ஏறின கியரிலேயே இறங்கணும் என்று லாரி ஓட்டிய என் பெரியப்பா சொல்வார். என் 350 சிசி வண்டி லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை நேரான இடங்களில் நாலாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. அதே கியரில் இறங்கினால் வண்டி நிற்காமல் ஓடுகிறதே? (கூடலூர் வாசகர், தேனி மாவட்டம்)

ப: பெரியப்பா காலத்து லாரிக்கு அது நூற்றுக்கு நூறு சரி. பாரம் ஏற்றிய லாரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். அதே கியரில் இறங்கினால் என்ஜின் இழுத்துப் பிடிக்கும். இப்போதைய பைக்குகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் இழுவை அதிகம். ஏறுவதற்குப் போதுமான கியர், இறக்கத்தில் பிடித்து நிறுத்தப் போதாது.

கணக்கு எளிது. நேரான இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க விடுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் ஒரு கியர் குறையுங்கள். வேகம் அப்படியே நின்றால் அதுதான் அந்தச் சரிவுக்கான கியர். குமுளி இறக்கத்தில் உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் மூன்றாவது, வளைவுகளில் இரண்டாவது பொருந்தும். கியர் குறைக்கும்போது கிளட்சைப் பட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கொண்டு வழுக்கும். ஈரத்தில் இது ஆபத்து. கிளட்ச் பிடித்திருக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு முறை லேசாக முறுக்கி, பிறகு நிதானமாக விடுங்கள். இதெல்லாம் வளைவுக்கு முன்னால், வண்டி நேராகப் போகும்போதே முடிந்துவிட வேண்டும்.

என்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். எஃப்.ஐ. வண்டியில் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் வண்டி) கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை மூடினால், என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பெட்ரோல் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் நின்றுவிடாமல் இருக்க அது கொஞ்சம் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவழிக்கிற கதை! பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் மட்டும், நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்கு ஆயில் போகாது.

கே: உடுமலையிலிருந்து மூணாறு போகும்போது, ஏற்றத்தில் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் மட்டும் வண்டி அணைந்து சாய்ந்துவிடுகிறது. வலப்பக்க வளைவில் பிரச்சினையே இல்லை. எனக்குத்தான் இடப்பக்கம் திரும்ப வரவில்லையா? (உடுமலைப்பேட்டை வாசகர்)

ப: வளைவே அப்படி. நாம் இடப்பக்கம் செல்கிறவர்கள் என்பதால், வலப்பக்க வளைவில் வெளிவட்டம் நமக்கு. ஆரம் பெரிது, ஏற்றம் சாந்தம். இடப்பக்க வளைவில் உள்வட்டம் நம் தலையில். அதே உயரத்தை மிகக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால், அந்த உள்மூலைதான் மொத்தச் சாலையிலேயே செங்குத்தான இடம். போதாக்குறைக்கு வளைவின் உட்பக்கம் தாழ்வாகவும் வெளிப்பக்கம் மேடாகவும் சாலையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். வண்டி அணைந்ததும் இடது காலை ஊன்றப் போகிறீர்கள். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, நாலு விரல் கீழே இருக்கிறது. 190 கிலோ வண்டி அந்த நாலு விரல் சாய்ந்தால் பிறகு யாராலும் தாங்க முடியாது.

வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். இரண்டாவதில் நுழைந்து பாதியில் முதலுக்கு மாற்றும் பழக்கத்தால்தான் பெரும்பாலும் வண்டி அணைகிறது. நுழையும்போது உள் ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள். உங்கள் பாதியின் வலது எல்லைவரை, நடுக்கோட்டைத் தாண்டாமல், அகலமாக நுழைந்து பிறகு திருப்புங்கள். செங்குத்தான மூலை தானாகத் தவிர்ந்துவிடும். பார்வை முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தாரில் விழக் கூடாது. தலையை இடது தோளுக்கு மேலாகத் திருப்பி, சாலை மேலே போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். கழுத்து வலிக்கிற அளவுக்குத் திருப்பினால்தான் போதுமான அளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று பொருள்.

திரும்பும்போது ஆக்சிலரேட்டர் ஒரே சீராக, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். வேகத்தைப் பின் பிரேக்காலும் அரை கிளட்ச்சாலும் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி உட்பக்கம் மடிந்துவிடும். கீழிருந்து பார்க்கும்போதே மேலே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். பாதி வளைவில் நின்று வழிவிடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

அப்படியும் அணைந்துவிட்டால், முன் பிரேக்கை இறுக்கி, வண்டியை நேராக்கி, மேட்டுப் பக்கமான வலது காலை ஊன்றுங்கள். கியரில் இருக்கும்போதே கிளட்சை விடுங்கள். அணைந்த என்ஜினே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். மறுபடி கிளம்பும்போது கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட் செய்து, இடது கால் எட்டுமானால் அதை ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்குக்குக் கொண்டுபோங்கள். கிளட்ச் கடிக்கிற இடத்தில் பின்பக்கம் லேசாக அமுங்கும். அப்போது பிரேக்கை விட்டால் வண்டி பின்வாங்காமல் ஏறும். கால் எட்டாதவர்கள் இரண்டு விரலால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் ஆக்சிலரேட்டரைத் திருகப் பழக வேண்டும். இதைச் சமதளத்தில், ஒரு சின்ன மேட்டில் பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

கே: கார்ப்பரேட்டர் வண்டி தேவிகுளம் பக்கம் போனாலே மந்தமாகிறது. டியூனிங் போய்விட்டதா? (பெரியகுளம் வாசகர்)

ப: இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டர் பெட்ரோலை அதற்கேற்பக் குறைக்காததால் கலவை கொழுத்துவிடும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும், பிளக் கறுக்கும். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தால் இன்னும் மோசம். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஐடிலிங்கை ஒரு சுற்று கூட்டிக்கொண்டால் போதும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டில் கைவைக்க வேண்டாம், கீழே இறங்கியதும் என்ஜின் சூடாகும்.

கே: வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிகிறது. அப்போது என்ன செய்வது? எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நுழையலாம் என்று ஒரு எண் சொல்லுங்கள். (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

ப: எண்ணைச் சாலைதான் சொல்லும். வளைவில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் கடைசித் தார் எதுவோ, அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் அந்த வளைவின் வேகம். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தோட்டச் சாலையானால் அதில் பாதித் தூரத்துக்குள். ஏனென்றால் எதிரில் வருகிறவருக்கும் மறுபாதி வேண்டும்.

நனைந்த தாரில், பார்த்துச் சுதாரிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், 30 கிலோமீட்டரில் நிற்க ஏறத்தாழ 17 மீட்டர் ஆகும். 40-ல் 27 மீட்டர். 60-ல் 50 மீட்டருக்கு மேல். எட்டு சதவீத இறக்கமானால் அதே 60 கிலோமீட்டருக்கு 60 மீட்டர் வேண்டும். நம் மலைச்சாலைகளில் 60 மீட்டர் முன்னால் தெரியும் வளைவுகளைத் தேடத்தான் வேண்டும். சாய்மானத்தையும் பாருங்கள்: 12 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டருக்கு 15 டிகிரி சாய்ந்தால் போதும், 30 கிலோமீட்டருக்கு 30 டிகிரி சாய வேண்டும். பத்தே கிலோமீட்டர் வித்தியாசத்தில் சாய்வு இரட்டிப்பாகிறது. 30 டிகிரியில் சின்ன மணல் கிடந்தாலும் போதும், சக்கரம் நழுவ.

சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளியைக் கவனியுங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அது விலகிப் போனால் வளைவு திறக்கிறது. அதே இடத்தில் நின்றால் வளைவு இறுகுகிறது, இன்னும் வேகம் குறைக்க வேண்டும்.

இனி நடுவளைவில் மாட்டிக்கொண்டால். பயத்தில் கண் பள்ளத்தையோ எதிர் லாரியையோ பார்க்கும், கண் போன பக்கம் வண்டியும் போகும். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து உள்ளே திரும்பும். 20, 25 கிலோமீட்டருக்கு மேல் எந்த இருசக்கர வண்டியும் இப்படித்தான் திரும்புகிறது, நாம் அறியாமல் செய்கிறோம். ஆக்சிலரேட்டரைப் பட்டென்று மூடாதீர்கள், நிதானமாக மூடுங்கள். பின் பிரேக்கை லேசாகத் தொடலாம். உங்கள் வண்டி சாய்வதற்கு நீங்கள் நினைப்பதைவிட இன்னும் இடமிருக்கும். காய்ந்த சாலையில் பலரும் விழுவது சாயாமல் நேராகப் போய் எதிர்ப்பக்கத்துக்கு வெளியேறுவதால்தான்.

கே: மழைக்காலத்தில் பூப்பாறைச் சாலையில் எங்கே வழுக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? (சாந்தன்பாறை வாசகர்)

ப: முடியும், சாலையின் நிறத்தைப் படித்தால். வெயில் படாத உட்பக்க ஓரங்களில் கரும்பச்சைப் பாசி ஒரு சாண் அகலத்துக்குப் படர்ந்திருக்கும். ஏலத்தோட்ட நிழல் விழும் இடங்களில் சக்கரத்தடம் படாத நடுப்பகுதியிலும் இருக்கும். ஆகையால் மழைக்காலத்தில் கார் சக்கரங்கள் தேய்த்துச் சுத்தமான தடத்திலேயே ஓட்டுங்கள்.

கேரளப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் வளைவுகளில் இன்டர்லாக் கட்டை பதிப்பது வழக்கம். காய்ந்திருக்கும்போது நல்ல பிடிமானம். மழையில் கட்டைகளின் இடுக்கில் பாசி பிடித்து, தேய்ந்த முகம் சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். தாரிலிருந்து கட்டைக்கு மாறும் இடத்தில் சிறு படியும் இருக்கும். பிரேக்கைக் கட்டை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்டு, வண்டியை நிமிர்த்தி, ஒரே சீராகக் கடந்துவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு எதிரி டீசல். டேங்க் நிரப்பிய லாரியும் பஸ்ஸும் சாய்ந்து திரும்பும்போது மூடி வழியாகத் தளும்பும். ஈரத்தில் வானவில் நிறம் தெரியும், வாடையும் வரும். கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம் மிக மோசம். ரப்பர்த் துகளும் எண்ணெயும் மிதந்து மேலே வரும், நன்றாகக் கொட்டினால் கழுவிக்கொண்டு போகும். வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, யூகலிப்டஸ் சருகு இவையும் கணக்கில் உண்டு. சின்ன ஓடை சாலையைக் கடக்கும் இடங்களில் தண்ணீருக்கு அடியில் ஜல்லி ஒதுங்கிக் கிடக்கும்; பின்தொடரும் வளைவில் அது பரவியும் இருக்கும்.

மூணாறு–பூப்பாறை வழியில் வரும் கேப் ரோடு பக்கம் கனமழையில் மண் சரியும். சாலையில் புதிதாகக் கைப்பிடி அளவு கற்கள் சிதறிக் கிடந்தால், மேலே இன்னும் பெரிதாக ஏதோ நகர்கிறது என்று கொள்ளுங்கள். படம் எடுக்க நிற்காமல் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள். இடுக்கியில் மழை எச்சரிக்கை நாட்களில் இரவுப் பயணத்துக்குத் தடை போடுவதும் வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: பிடிமானம் கிடைக்கட்டும் என்று மழைக்குக் காற்றைக் குறைக்கலாமா? (கம்பம் வாசகர்)

ப: தார்ச்சாலையில் வேண்டாம். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, பள்ளங்கள் நெருங்கி, தண்ணீரை வெளியேற்றும் வேலை கெடும். வளைவில் வண்டி தளதளக்கும். அன்றாடம் ஓட்டும் சாதாரண வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. என்ற அளவில் இருக்கும்; பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு மட்டும் கூட்ட வேண்டும். சரியான எண் செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், அதையே பின்பற்றுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை மட்டம் தட்டும்வரை காத்திருக்காமல், மலையில் அன்றாடம் ஓடுகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது.

கே: புளியரை எஸ் வளைவில் எதிரே பஸ் வந்தால் யார் வழிவிட வேண்டும்? நாம் சின்ன வண்டிதானே, ஓரமாக நுழைந்துவிடலாமா? (செங்கோட்டை வாசகர்)

ப: இருவருக்கும் இடம் போதாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முதலிடம், இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் பஸ்ஸிடம் சட்டம் பேசி லாபமில்லை. நீளமான வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, ஒரு மீட்டருக்கு மேல் உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நுழைய நினைக்கும் அந்த ஓரம்தான் பஸ்ஸின் பின்பக்கம் வந்து சேரும் இடம். வெளிப்பக்கமும் பத்திரமில்லை, அங்கே பஸ்ஸின் முகம் முழுச் சாலையையும் பிடித்துக்கொண்டு வரும். வளைவுக்கு 15 மீட்டர் முன்னால் நின்று, டிரைவர் கண்ணில் படும்படி விளக்கைப் போட்டு வையுங்கள். சரக்கு லாரிகள் வரிசையாக இறங்கும் பாதை இது. ஒன்று கடந்ததும் கிளம்பாமல், பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கே: டிஸ்க் பிரேக்தான், ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. ஆனாலும் இறக்கத்தின் கடைசியில் லீவர் பஞ்சு மாதிரி ஆகிறது. (போடி வாசகர்)

ப: பிரேக் ஆயில் பழசு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் சூட்டில் ஆயில் கொதித்து நீராவிக் குமிழ் உண்டானால், லீவர் அந்தக் குமிழைத்தான் அமுக்கும், பிஸ்டனைத் தள்ளாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் டீ நிறம் தெரிந்தால் அதற்கும் முன்பே. புட்டி திறந்து மாதக்கணக்கில் வைத்த ஆயிலை ஊற்ற விடாதீர்கள். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், அவ்வளவுதான். ஜல்லியில் நிற்கும் தூரத்தை அது குறைக்காது. சாய்ந்திருக்கும் வண்டியையும் காப்பாற்றாது.

கே: காலையில் எத்தனை மணிக்கு ஏறுவது நல்லது? (தேனி வாசகர்)

ப: ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் விடிகாலையில் ஏறும், மாலையில் வீடு திரும்பும் அவசரத்தோடு இறங்கும். இரண்டு நேரமும் வளைவில் உங்கள் பாதியில் ஜீப் இருக்கும் என்றே எண்ணி ஓட்ட வேண்டும். காலை 8 மணிக்கு மேல் ஏறி, மாலை 3 மணிக்குள் இறங்கிவிட்டால் இரண்டையும் தவிர்க்கலாம். போடிமெட்டில் பிற்பகலுக்கு மேல் கவியும் மூடுபனியும் தப்பும். பனியில் மாட்டிக்கொண்டால் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

கே: சின்னாறு காட்டுச்சாலையில் யானை நின்றால்? (மறையூர் வாசகர்)

ப: 100 மீட்டருக்குக் குறையாமல் நின்றுவிடுங்கள். முதல் வேலை வண்டியைத் திருப்பி வைப்பது. குறுகிய சாலையில் கனமான பைக்கைத் திருப்ப இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டும், யானை காது விரித்த பிறகு அதற்கு நேரமிருக்காது. யானை 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். என்ஜின் ஓடட்டும், ஆனால் முறுக்க வேண்டாம். ஹாரன், ஹை பீம், செல்போன் ஃப்ளாஷ் எதுவும் கூடாது. ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். குட்டியோ கூட்டத்தின் கடைசி யானையோ இன்னும் புதருக்குள் இருக்கலாம், பத்து நிமிடம் பொறுங்கள். ஆவி பறக்கும் யானை லத்தி, அப்போதுதான் ஒடித்த மூங்கில் கண்ணில் பட்டால் அடுத்த வளைவை நடக்கிற வேகத்தில் கடங்கள். உடுமலைப் பக்கம் ஒன்பதாறு செக்போஸ்ட்டில் வாகனங்களை எத்தனை மணிவரை விடுகிறார்கள் என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூடும் நேரத்தைப் பிடிக்க வேண்டுமென்று விரட்டி ஓட்டுகிறவர்கள்தான் அந்தி நேரத்தில் யானை முன்னால் போய் நிற்கிறார்கள்.

கே: ஐந்து வயது மகளைப் பின்னால் உட்காரவைத்துக் குமுளி போகிறேன். அவளுக்கும் ஹெல்மெட் வேண்டுமா? (உத்தமபாளையம் வாசகி)

ப: வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம். கேரளாவில் 2023 முதல் கேமரா வைத்தே பிடிக்கிறார்கள், பின்னால் இருப்பவரையும் சேர்த்து. பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள். வாரைக் கட்டிய பிறகும் தலை தனியாகச் சுழன்றால் அது பயன்படாது. அவள் கால் ஃபுட்ரெஸ்ட்டை எட்டாவிட்டால் வளைவுகளில் பிடிமானமே இருக்காது. கால் எட்டும்வரை பஸ்ஸிலேயே கூட்டிப் போங்கள்.

கே: மேலே ஏறும்போது ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிகிறது. (வால்பாறை வாசகர்)

ப: பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு சொட்டு. உட்பக்கம் தேய்த்து, காய்ந்த துணியால் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் தாங்கும். நிற்கும்போது கண்ணாடியை விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள்.